வெள்ளைவால் கப்பியும் நூறு கஜம் சேறும்

மீன்களின் நலனுக்காக அரசு ஊழியர்கள் புரிந்த தியாகங்களைப் பற்றி என்றைக்காவது ஒரு சரித்திரம் எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயம் மரக்காணத்தில்தான் தொடங்கியாக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்துக்கு அவசியமே இருக்காது என்பது என் தாழ்மையான கருத்து. நான் இதை மிகையாகச் சொல்லவில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவன். கடலோர உப்பு மேம்பாட்டு வாரியத்தின் மரக்காணம் கிளையில், 1988-ஆம் வருஷம், நான் இளநிலை உதவியாளர். பெயர் சகாதேவன். தட்டச்சு, கோப்பு, காய்ச்சல் ஆகிய மூன்றும் என் பொறுப்பில் இருந்தன. மூன்றாவது எப்படி வந்து சேர்ந்தது என்பது இடையில் தெரியவரும்.

எங்கள் கிளை மேற்பார்வையாளர் திரு. கண்ணாயிரம் அவர்கள் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். ‘நிர்வாக வசதியை முன்னிட்டு’ என்று ஆணையில் இருந்தது. யாருடைய வசதி என்று இல்லை. வந்த மூன்றாம் மாதம் அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று திண்டிவனம் டாக்டர் கண்டுபிடித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “சத்தம் போடாம அசையற எதையாவது தினமும் அரைமணி நேரம் பாத்துக்கினு இருங்க. மனசு அடங்கும்” என்றாராம்.

சார் முதலில் எங்களைத்தான் பார்த்தார். நாங்கள் சத்தம் போடவில்லை. ஆனால் அசையவும் இல்லை. எனவே மீனுக்குப் போனார்.

மீன் இருந்த இடம் சைபுன்னிசாவின் வீடு. அவருடைய கணவர் நசுருதீன் சிங்கப்பூரில் வளர்ப்பு மீன் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார். ஒரு தடவை லீவில் வந்தபோது, சென்ட் பாட்டில்களுக்கும் நைலக்ஸ் சேலைகளுக்கும் நடுவில் பிளாஸ்டிக் பையில் நாலு ஜோடி கப்பி மீன் கொண்டுவந்தார். லீவு முடிந்து அவர் போய்விட்டார். மீன் தங்கிவிட்டது. சைபுன்னிசா கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, இரண்டே வருஷத்தில் நாலு ஜோடியை நானூறாக்கி, பாண்டிச்சேரிக்கும் ஆரோவில் வெள்ளைக்காரர்களுக்கும் விற்றுக்கொண்டிருந்தார். எந்த வாரியத்தின் மேம்பாட்டுத் திட்டமும் இல்லாமலே இது நடந்தது என்பதால், நாங்கள் அதை ஒரு சாதனையாகக் கருதவில்லை.

சாருடன் நானும் போயிருந்தேன். தொட்டியில் ஆண் கப்பிகள் வாலை விரித்துக்கொண்டு திரிந்தன. உடம்பு சுண்டுவிரல் நுனி அளவு. வால் உடம்பைவிடப் பெரிசு. பட்டுத் துண்டைப் பின்னால் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. பெண் கப்பிகளுக்கு நிறமும் இல்லை, வாலும் இல்லை. வயிறு மட்டும் இருந்தது.

“இது முட்டை போடாது சார். குட்டி போடும்” என்றார் சைபுன்னிசா.

“எத்தனை நாளைக்கு ஒரு தரம்?”

“மாசத்துக்கு ஒரு தடவ. நாள் தப்பாது.”

சார் என் பக்கம் திரும்பினார். “கேட்டியா சகாதேவா? மாசாந்திர அறிக்கையை நாள் தவறாம குடுக்கிற ஜீவன் ஒண்ணாவது இந்த ஊர்ல இருக்குது.”

“குட்டி போட்டதும் தாயைப் பிரிச்சு வெச்சிடணும் சார். இல்லாட்டி அதுவே குட்டியெல்லாம் தின்னுடும்.”

“பெத்ததையேவா?”

“பெத்ததையேதான். பசி கூட இல்ல சார், பழக்கம்.”

“தலைமை அலுவலகம் கிளை அலுவலகத்தைச் செய்யிற மாதிரி சார்” என்றேன். சார் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

“அப்புறம் இன்னொண்ணு. பொட்டை ஒரே ஒரு தடவ ஆணோட சேர்ந்தாப் போதும். தனியா வெச்சாக்கூட ஆறேழு தடவ குட்டி போடும். அதனால நீங்க நெனைக்கிற நிறம் வேணும்னா, சின்னதுலயே ரெண்டையும் வேற வேற தொட்டியில பிரிச்சுடணும் சார்.”

சாரின் கண்கள் கலங்கின. “ஒரே அனுமதி, ஏழு பிரசவம்! நம்ம வாரியத்துல ஒரே பிரசவத்துக்கு ஏழு அனுமதி வேணும்.”

அன்றே இரண்டு ஜோடி வாங்கினார். ஆறு மாதத்தில் அலுவலகத்தை ஒட்டிய அவருடைய குவார்ட்டர்ஸில் எட்டுக் கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு இருந்தது. கோப்பு இல்லாத மீன் எங்களிடம் இல்லை.

இங்கேதான் சாரின் தொலைநோக்கு வெளிப்பட்டது. சாதாரண மனிதன் மீன் வளர்த்தால் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று எல்லாம் கலந்து வளர்ப்பான். சார் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூட்டிவைத்து அறிவித்தார்: “மரக்காணத்துக்குப் பெருமை உப்பு. உப்பு வெள்ளை. ஆகவே இங்க பொறக்கிற மீனும் வெள்ளையாத்தான் இருக்கணும்.” இதற்கு ‘உப்புவெள்ளைத் திட்டம்’ என்று பெயரிடப்பட்டது. வாலில் வெள்ளை தெரிந்த ஆண்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றின் குட்டிகளில் இன்னும் வெள்ளையானவற்றைத் தேர்ந்தெடுத்து, அண்ணனைத் தங்கையோடும் தகப்பனை மகளோடும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக முன்னேறினோம். வாலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தாலும் அந்த மீன் ‘பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு’ கொல்லைக் கிணற்றில் விடப்பட்டது. புள்ளி ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வந்தால் மூவர் குழு விசாரித்தது. குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர் ஆகிய மூவரும் நானே.

உணவு விஷயத்திலும் சார் சமரசம் செய்துகொள்ளவில்லை. கப்பிக்கு உயர்ந்த ஆகாரம் கொசுப்புழு. உலகத்தில் மற்ற ஊர்களில் கொசுவை ஒழிக்க இந்த மீனை வளர்க்கிறார்கள். நாங்கள் இந்த மீனுக்காகக் கொசுவை வளர்த்தோம். அலுவலகத்துப் பின்பக்கம் பத்து மண்பானையில் தண்ணீர் நிரப்பி, வைக்கோலைப் போட்டு, மூடாமல் வைத்தோம். புழுக்களில் பெரும்பாலானவை மீனுக்குப் போயின. தப்பித்தவை கொசுவாகி என் மேஜைக்கு வந்தன. மார்ச் மாதம் எனக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது. மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்த சார், “உன் ரத்தத்தைக் குடிச்சுதான்பா அந்தக் கொசு முட்டை போட்டுது. அந்த முட்டையிலதான் புழு. அந்தப் புழுவுலதான் நம்ம மீன். யோசிச்சுப் பாரு, இந்தத் திட்டத்துல உன் பங்கு எவ்வளவு!” என்றார். யோசித்துப் பார்த்தேன். நடுக்கம் அதிகமானது. விடுப்பு கிடைக்கவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உப்பளப் பக்கம் எங்கே தோண்டினாலும் கரிக்கும். எங்கள் அலுவலகத்துக்கும் அளத்தில் வேலை செய்பவர்களுக்கும் குடிதண்ணீர் பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வந்தது. ஓட்டுகிறவன் பக்கிரி. லாரி அலுவலகம் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து அளம் ஒன்றரை மைல். அந்த ஒன்றரை மைலும் மோசமில்லை. நடுவில் ஒரு நூறு கஜம், உவர்நீர் வாய்க்கால் கசிந்து வருஷம் பூராவும் சேறு. லாரி இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அதனால் பெண்கள் அலுவலகத் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு, சேற்றில் முழங்கால் புதையப் புதையச் சுமந்துகொண்டு போவார்கள். போய்ச் சேரும்போது வெயிலில் தண்ணீர் காப்பி சூட்டில் இருக்கும். பாதிக் குடம்தான் மிஞ்சும்.

அலுவலகத் தொட்டியும் முழுசாக அவர்களுக்கு இல்லை. எட்டு மீன்தொட்டிகளுக்கும் பாதித் தண்ணீரை தினமும் மாற்றியாக வேண்டும் என்பது சாரின் உத்தரவு. “வாரத்துக்கு ஒரு தடவ, கொஞ்சமா மாத்தினாப் போதும் சார்” என்று சைபுன்னிசா சொல்லிப் பார்த்தார். “அது தனியார் மீன். இது அரசு மீன்” என்றுவிட்டார் சார்.

அளத்தில் உப்பு வாருகிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்தவள் பொன்னி. யாரும் அவளைத் தலைவியாக நியமிக்கவில்லை. குரலே நியமித்துவிட்டது. ஏப்ரல் மாதம் ஒரு நாள், அவளும் இன்னும் இருபது பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். முந்தின நாள் பகல் ஒரு மணிக்கு குப்புசாமி என்ற வயசாளி பாத்தியிலேயே சுருண்டு விழுந்திருந்தார். குடங்கள் காலி. வாயில் ஊற்ற யாரிடமும் தண்ணீர் இல்லை. நாலு பேர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றைக் கடந்து சாலைக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை விளங்காமல் போயிற்று.

“நூறு கஜம் சார். அதுல கப்பிக் கல்லு கொட்டி ரோடு போட்டுக் குடுங்க. லாரி அளத்துக்கே வந்துடும்” என்றாள் பொன்னி. “மூணு வருஷமா மனு குடுக்கறோம். கிளார்க் சார்தான் எழுதிக் குடுத்தாரு. மூணு மனுவுலயும் கப்பி, கப்பின்னு எழுதியிருக்குது.”

“நிதி ஒதுக்கீடு இல்லைம்மா.”

“இன்னா சார் இது? மீனுக்கு தெனம் தண்ணி மாத்தறீங்களாம். எங்களுக்குக் குடிக்கவே இல்ல.”

சார் பொறுமையாக விளக்கினார். “நீங்க வந்து கேக்கறீங்க. மனு குடுக்கறீங்க. அது பாவம், வாயில்லா ஜீவன்.”

“வாய் இருந்தா தண்ணி கெடயாதா சார்?”

சார் எழுந்து மீன் பார்க்கப் போய்விட்டார். டாக்டர் சொன்ன அரைமணி அன்று இரண்டு மணி நேரமாயிற்று.

மே மாதத் தொடக்கத்தில் இரண்டு செய்திகள் ஒரே தபாலில் வந்த மாதிரி வந்தன. ஒன்று, வாரிய இயக்குநர் அந்த மாதக் கடைசியில் மரக்காணம் கிளையை ஆய்வு செய்ய வருகிறார். “இயக்குநருக்கு மீன்னா உயிரு” என்று தலைமை அலுவலகத்தில் யாரோ சாரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு, உப்புவெள்ளைத் திட்டத்தின் ஒன்பதாம் ஈற்றுக் குட்டிகள் முதுகு கூனிப் பிறந்தன. வால் சுத்தமான வெள்ளை. ஆனால் மீன் கேள்விக்குறி மாதிரி இருந்தது.

சைபுன்னிசாவை அழைத்து வந்தோம். தொட்டியைப் பார்த்ததும் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா துக்கமா என்று தெரியவில்லை.

“ஒரே வீட்டுக்குள்ளயே நிக்காஹ் பண்ணிக்கினே போனா இப்படித்தான் சார் ஆகும். வெளி ரத்தம் வேணும். என்கிட்ட இருக்கறதும் இதே குடும்பம்தான். மெட்ராஸ்லேர்ந்து புதுசு வரவழைங்க.”

அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தயாரானது. கடிதங்கள் தமிழில் மட்டுமே இருக்க வேண்டும், ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் கூடாது என்று அப்போது புதிதாகச் சுற்றறிக்கை வந்திருந்தது. நான் ‘கப்பி மீன்’ என்று தட்டச்சு செய்திருந்தேன். சார் பேனாவை எடுத்து ‘மீன்’ என்ற சொல்லை அடித்தார்.

“மீன்னு பாத்தா தணிக்கைக்காரன் ஆட்சேபணை பண்ணுவான். கப்பின்னு மட்டும் போடு. இயக்குநருக்குப் புரியும். விஷயம் தெரிஞ்சவர்.”

கடிதம் இப்படிப் போயிற்று: ‘இக்கிளையில் கையிருப்பில் உள்ள கப்பி தரம் குறைந்து வளைந்து காணப்படுகிறது. இயக்குநர் அவர்களின் வருகைக்கு முன்னர் உயர்ரக வெள்ளைக் கப்பி அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.’

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகம் எழுப்புவது இளநிலை உதவியாளரின் பணிவரம்பில் இல்லை. மேலும் எனக்கு அன்று காய்ச்சல் நூற்றிரண்டு.

மரக்காணம் கிளை என்றாலே கப்பிக்காக மூன்று வருஷமாக மனு அனுப்புகிற கிளை என்று தலைமை அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. இயக்குநர் வருகிறார் என்றதும் அங்கேயும் ஒரு சுறுசுறுப்பு. பத்தே நாளில் பதில் வந்தது.

‘தங்களுக்குத் தேவைப்படும் கப்பியின் அளவு என்ன? முக்கால் அங்குலமா, ஒன்றரை அங்குலமா?’

சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “பாத்தியா! இஞ்சு கணக்குல கேக்கறாங்க. நம்ம வாரியத்துல இவ்வளவு ஞானமா! ஒன்றரைன்னு எழுது. முக்கால் இஞ்சு குட்டி. வந்ததும் இனப்பெருக்கத்துக்கு ஆகாது.”

‘ஒன்றரை அங்குலம்’ என்று எழுதினேன்.

அடுத்து தந்தி. ‘வெள்ளை கிடைக்காது. கறுப்பு சம்மதமா?’

“கறுப்புக் கப்பியா!” சார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “அது கெடைக்கறதே அபூர்வம்பா. சம்மதம்னு உடனே தந்தி குடு.”

“உப்புவெள்ளைத் திட்டம் சார்?”

“திட்டம்னா திருத்தம் இருக்கும்.”

மூன்றாவது தந்தி: ‘ஆறு போதுமா?’

“ஆறு ஜோடி! தாராளம்.”

‘தாராளம்’ என்று அனுப்பினேன். நாலாவது தந்தி வந்தது: ‘கப்பி புதன் காலை வந்து சேரும். இறக்க ஆட்களைத் தயாராக வைக்கவும்.’

“பன்னெண்டு மீனுக்கு ஆட்களா? ஜாக்கிரதையா இறக்கணும்னு சொல்றாங்க” என்றார் சார். மீன் ரயிலில்தான் வரும் என்று அவரே முடிவு செய்தார். புதன்கிழமை விடிந்ததும், மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகள் நாலு, ஒரு வலை, ஒரு தெர்மாமீட்டர் ஆகியவற்றோடு முதல் பஸ்ஸில் திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் போனார். அலுவலகம் என் பொறுப்பில் வந்தது.

காலை ஒன்பதரை மணிக்கு ஆறு லாரிகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றரை அங்குல ஜல்லி. நல்ல கறுப்பு. முதல் லாரிக்காரர் ஒரு காகிதத்தை நீட்டினார். ‘மரக்காணம் உப்பளப் பாதைக்குக் கப்பி, ஆறு லோடு’ என்று முத்திரையோடு இருந்தது.

“எங்க சார் கொட்டணும்?”

தண்ணீருக்கு வந்திருந்த பொன்னி குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி லாரியைப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“கிளார்க் சார், இது எங்களுக்கு வந்ததா?”

காகிதத்தில் அவர்களுக்கு என்றுதான் இருந்தது. ஆனால் அதைக் கேட்ட கடிதம் மீன் கோப்பில் இருந்தது. நான் காகிதத்தையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தேன். என் இருபத்திரண்டு வருஷப் பணிக்காலத்தில் நான் எடுத்த ஒரே நிர்வாக முடிவு அன்று எடுத்ததுதான். மணி பத்துக்கு, “நான் சாப்பிடப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாப்பிட்டுத் திரும்பியபோது மாலை ஐந்து. எனக்கு மெதுவாகச் சாப்பிடுகிற பழக்கம்.

அளத்தில் அன்று யாரும் உப்பு வாரவில்லை. நாற்பத்தொரு பேர் சேற்றில் இறங்கியிருந்தார்கள். முதலில் சவுக்கு மிலாறும் பனை ஓலையும் பரப்பி, அதன்மேல் லாரிகளைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டவைத்து, கூடையில் வாரி, மண்வெட்டியால் சமன் செய்து, காலாலேயே மிதித்து அமுக்கியிருந்தார்கள். கை வராத குப்புசாமி கரையில் உட்கார்ந்து எங்கே பள்ளம், எங்கே மேடு என்று கத்திக்கொண்டிருந்தார். நூறு கஜம். ஒரு பகல்.

சார் இரவு ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். தூக்குகள் காலி. ஏழு ரயில்கள் பார்த்திருக்கிறார். முகம் வெந்து போயிருந்தது. என்னைக் கண்டதும், “கப்பி வரலைப்பா” என்றார், அழாத குறையாக.

“வந்துடுச்சு சார். லாரியில.”

“லாரியிலயா!” முகம் மலர்ந்தது. “நல்லா இருக்குதா?”

“கெட்டியா இருக்குது சார்.”

“எங்க விட்டிருக்கீங்க?”

“சேத்துல சார்.”

சார் தூக்கைக் கீழே போட்டார். “சேத்துலயா? யார்றா சேத்துல போடச் சொன்னது?”

“பொன்னிதான் சார் முன்ன நின்னு போட்டா. நாப்பது பேரு சேர்ந்து கூடையில வாரிப் போட்டாங்க.”

“கூடையிலயா! தண்ணி இல்லாமலா!”

“தண்ணி அப்புறம் வரும் சார். மொதல்ல நல்லா மிதிச்சு அமுக்கிட்டாங்க.”

“மிதிச்சா...” சார் சுவரைப் பிடித்தார். “ஒண்ணாவது... ஒண்ணாவது மிஞ்சியிருக்குதா?”

“எல்லாமே இருக்குது சார். நாளைக்குக் காலையில பக்கிரி அதுமேல தண்ணி லாரிய ஏத்தினான்னா நல்லா படிஞ்சுடும்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை கொடுத்தேன். பிறகு காகிதத்தைக் கொடுத்தேன். காகிதத்தைப் படித்ததும் இன்னொரு மாத்திரை கேட்டார்.

மறுநாள் காலை பக்கிரி தண்ணீர் லாரியை அலுவலகத்தில் நிறுத்தவில்லை. சேற்றுக்கு முன்னால் மட்டும் நிறுத்தி, இறங்கி, காலால் இரண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினான். கல் முணுமுணுத்தது. லாரி புதையவில்லை. அளத்து நடுவில் போய் அவன் ஹாரன் அடித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். பொன்னி முதல் குடத்தை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டாள் என்று பக்கிரி பிற்பாடு சொன்னான். “அம்மாம் தண்ணிய வீணாக்கறியேன்னு கேட்டேன் சார். ‘ஒரு தபா வீணாக்கிப் பாக்கறேண்ணே’ன்னா.”

லாரி காலியாகத் திரும்பியது. மீன்தொட்டிகளுக்குத் தண்ணீர் இல்லை. இயக்குநர் வர நாலு நாள். சார் தலையில் கை வைத்துக்கொண்டு என்னை சைபுன்னிசாவிடம் விரட்டினார்.

அவர் வந்தார். வாய்க்காலிலிருந்து ஒரு வாளி உவர்நீர் கொண்டுவரச் சொன்னார். நாக்கில் வைத்துப் பார்த்தார். தொட்டிக்கு ஒரு சொம்பு வீதம் ஊற்றினார்.

“அய்யோ, மௌத்தாயிடும்மா!” என்று சார் அலறினார். செத்துப்போவதற்கு சைபுன்னிசா சொல்கிற அந்தச் சொல், பதற்றத்தில் சாருக்கே வந்துவிட்டது.

“ஆகாது சார். தெனம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பழக்கினா, கப்பிக்கு உப்புத் தண்ணி நல்லா ஒத்துக்கும். புண்ணு கிண்ணு கூட வராது.”

“இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கவேயில்லையே சார். மீனுக்கு நல்ல தண்ணி வேணும்னு நீங்களேதான முடிவு பண்ணீங்க.”

நாலு நாளில் மீன்கள் பழகிவிட்டன. கூனல்கூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

இயக்குநர் வந்தார். எட்டுத் தொட்டிகளுக்கும் விளக்குப் போட்டு, ரோஜா மாலை சாத்தி வைத்திருந்தோம். இயக்குநருக்கு மீன் என்றால் உயிர் என்பது முழு உண்மை. குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்பச் சின்னதா இருக்குதே மிஸ்டர் கண்ணாயிரம். முள்ளுதான் மிஞ்சும்.”

அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மத்தியானம் அனுமந்தையிலிருந்து வந்த வஞ்சிரம் வறுவலைப் பார்த்தபோதுதான் முகத்தில் உயிர் வந்தது. சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறி, “அளம் வரைக்கும் போகலாமா?” என்றார். போனார். வாரியம் தொடங்கியதிலிருந்து அளத்தைக் கண்ணால் பார்த்த முதல் இயக்குநர் அவர்தான். கப்பிப் பாதையில் ஜீப் குலுங்காமல் ஓடியது. தண்ணீர் லாரி அளத்து நடுவில் நின்றது. “எக்ஸலெண்ட்” என்றார். தமிழ்ச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஒரு வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. ‘மிகக் குறுகிய காலத்தில், தொழிலாளர் நலனை மனத்தில் கொண்டு, உப்பளப் பாதையை அமைத்த மேற்பார்வையாளர் திரு. கண்ணாயிரத்தின் சேவை மெச்சத்தக்கது.’ சார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். இத்துடன் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் நிர்வாகம் பாதியில் நிற்கிற வழக்கமில்லை.

தணிக்கைப் பிரிவு ஒரு கேள்வி கேட்டது. கப்பிக்கு அனுமதி இருக்கிறது, சரி. அதைப் பரப்புவதற்கு யாருக்கு, எந்த ஆணையின்படி அனுமதி தரப்பட்டது? சார் ஒரு நாள் பூராவும் யோசித்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, ஒரு குறிப்பாணை தட்டச்சு செய்யச் சொன்னார். பொன்னி மற்றும் நாற்பத்தொரு பேர், வேலை நேரத்தில் வேலையைவிட்டு, வாரியத்துக்குச் சொந்தமான கப்பியை அனுமதியின்றிச் சேற்றில் கொட்டியது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

பொன்னி அந்தக் காகிதத்தோடு என்னிடம்தான் வந்தாள். அவர்களுக்கு எழுதுகிறவனும் நான்தானே.

“இதுல இன்னா எழுதியிருக்குது, படிங்க சார்.”

படித்தேன்.

“ரோடு போட்டது யாருன்னு அந்தக் கண்ணாடிக் கடுதாசியில எழுதியிருக்குதே?”

“சார் போட்டதா எழுதியிருக்குது.”

“அப்போ கேள்வி அவரத்தான கேக்கணும்?”

“அது பாராட்டு. இது விளக்கம். ரெண்டும் வேற வேற கோப்பு.”

நான் கார்பனைச் சரிசெய்தேன்.

“அன்னிக்கி நீங்க சாப்பிடப் போகாம இருந்தா இது நடந்திருக்காது சார். அதுக்கு ஒரு கும்பிடு. அதையும் எழுதிடட்டுமா?”

“ஐயோ, வேணாம்மா!”

“வேணாம்ல. அப்போ நான் சொல்றத மட்டும் எழுதுங்க. எழுதுவீங்கள்ல?”

எழுதினேன். அவள் ஒரே வரிதான் சொன்னாள். ‘ஐயா, எங்களுக்குத் தாகமாக இருந்தது.’ அதன்கீழ் நாற்பத்திரண்டு கைநாட்டு. நாற்பத்திரண்டாவது, குப்புசாமியின் இடதுகைப் பெருவிரல்.

மறுநாளே பதில் தயாராகிவிட்டது. எங்கள் கிளையின் சரித்திரத்தில் ஒரு மனுவுக்கு ஒரே நாளில் பதில் போனது அதுதான் முதல் தடவை: ‘தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை.’ கையெழுத்து சாருடையது. தட்டச்சு என்னுடையது. நாற்பத்திரண்டு பிரதிகள் அடித்தேன், ஒன்றில்கூட எழுத்துப்பிழை இல்லை.